கொள்ளும் வகையறிந்து

நுழையும்முன்

எழுத்தறிவு கல்வியின் வாயிலாகும். அவ்வாயிலில் எல்லாக் குழந்தைகளும் ஒரே வயதில், ஒரே முறையில் நுழைவதில்லை. கூர்ந்த அறிவும் கற்கும் ஆர்வமும் இருந்தும், எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் குழந்தைகள் பல வகுப்பறைகளில் உள்ளனர். அவர்களின் இடர்ப்பாடு எத்தகையது, அதன் காரணம் யாது, அவர்கள் கற்பதற்குப் பள்ளியும் சமூகமும் உடன்பயில்வோரும் எவ்வாறு துணைநிற்கலாம் என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சிறுவனும் ஒரு மருத்துவரும்

1896 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அது 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றியது. அச்சிறுவன் அறிவுக்கூர்மை உடையவன்; விளையாட்டில் விரைவானவன். ஏழு வயது முதல் ஆசிரியர்களிடம் பயின்றவன். அவன் கண்பார்வையில் குறையேதும் இல்லை. எனினும், மிக எளிய சொற்களைத் தவிர வேறு எதனையும் அவனால் படிக்க இயலவில்லை. தன் பெயரை எழுதும்போதுகூட எழுத்துகளை இடம்மாற்றி எழுதினான்.

ஆனால், கணக்கில் அவனுக்குத் தடை இருக்கவில்லை. 749 என்னும் எண்ணை 867 ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கிக் காட்டினான். பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடத்தப்பட்டால் பள்ளியிலேயே மிகச் சிறந்த மாணவனாக அவன் விளங்குவான் என்று, அவனுக்குப் பல ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் கருதியதையும் மார்கன் பதிவுசெய்துள்ளார்.

அந்த ஆசிரியரின் கருத்து ஆழ்ந்து நோக்கத்தக்கது. மாணவனிடம் அறிவு இருக்கிறது; அறிவு அவனைச் சென்றடையும் வழிகளுள் ஒன்று மட்டுமே இடருடையதாக இருக்கிறது. அவ்வாறாயின், அம்மாணவனைக் கல்வியிலிருந்து விலக்குவது முறையா? அவனுக்குரிய வேறு வழியைத் தேடுவது முறையா? இவ்வினா இன்றைய வகுப்பறைகளிலும் விடை வேண்டி நிற்கிறது.

பேச்சும் எழுத்தும்

மார்கன் விவரித்த நிலை இன்று 'டிஸ்லெக்சியா' எனப்படுகிறது. தமிழில் இதனை வாசித்தல் குறைபாடு என்பர். இதனைப் புரிந்துகொள்வதற்குப் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் அறிதல் வேண்டும்.

பேச்சு மனிதனோடு இயல்பாக வளர்வது. பேசுவோர் சூழ வளரும் குழந்தை, யாரும் முறையாகப் பாடம் நடத்தாமலேயே தாய்மொழியைக் கற்றுக்கொள்கிறது. எழுத்து அத்தகையதன்று. மனித இனம் எழுதத் தொடங்கி ஏறத்தாழ 5000 ஆண்டுகளே ஆகின்றன. ஆதலின், படிப்பதற்கெனத் தனியே அமைந்த பகுதி எதுவும் பிறக்கும்போதே மூளையில் ஆயத்தமாக இருப்பதில்லை. காண்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் உரிய பகுதிகளைப் பயிற்சியால் ஒன்றோடொன்று இணைத்தே நாம் படிக்கக் கற்கிறோம். வரிவடிவத்தைக் கண் காண வேண்டும். அவ்வடிவத்திற்குரிய ஒலியை மனம் நினைவுகூர வேண்டும். ஒலிகள் சேர்ந்து சொல்லாக வேண்டும். சொல் பொருளைத் தர வேண்டும். பழகிய வாசகருக்கு இவை யாவும் ஒரு நொடிக்குள் நிகழ்ந்துவிடுகின்றன.

சில குழந்தைகளுக்கு வரிவடிவத்தையும் ஒலியையும் இணைக்கும் இப்பாதை எளிதில் அமைவதில்லை. சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்தறிவதும், பிரித்த ஒலிகளை வரிசை மாறாமல் நினைவில் வைப்பதும் அவர்களுக்குக் கடினமாகின்றன. பிறர் ஒருமுறை பார்த்து அறியும் சொல்லை, அவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் காண்பதைப்போல் எழுத்தெழுத்தாகக் கூட்டவேண்டியுள்ளது. இது கண்நோய் அன்று, அறிவுக்குறைவும் அன்று. பெற்றோரின் வளர்ப்பாலோ குழந்தையின் சோம்பலாலோ விளைவதும் அன்று. பல குடும்பங்களில் இது மரபுவழியாகத் தொடர்வதைக் காணலாம்.

தெரியுமா?

'டிஸ்லெக்சியா' என்னும் சொல்லை 1887 ஆம் ஆண்டு உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர். கிரேக்க மொழியில் 'டிஸ்' என்பது இடர்ப்பாட்டையும் 'லெக்சிஸ்' என்பது சொல்லையும் குறிக்கும். கற்றல் குறைபாடு என்னும் பொதுச்சொல்லை 1963 ஆம் ஆண்டில் பரவலாக்கியவர் சாமுவேல் கிர்க் என்னும் அமெரிக்கக் கல்வியாளர்.

தமிழ் எழுத்தும் கற்கும் குழந்தையும்

தமிழ் எழுத்துகள் 247. அவற்றுள் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இவை ஒழுங்கான முறையில் அமைந்திருப்பினும், வாசித்தலில் இடர்ப்படும் குழந்தைக்குச் சில இடங்கள் கடினமானவை.

'பொம்மை' என்னும் சொல்லை நோக்குவோம். இதன் முதலெழுத்தான 'பொ' என்பதில் கண் முதலில் காண்பது ஒற்றைக்கொம்பு; அடுத்துக் காண்பது பகரம்; அதன்பின் காண்பது துணைக்கால். ஒலிக்கும்போதோ 'ப்' முதலிலும் 'ஒ' அடுத்தும் வருகின்றன. கண் காணும் வரிசை வேறு. செவி கேட்கும் வரிசை வேறு. முதலில் கண்ட கொம்பை மனத்தில் நிறுத்தி, இறுதியில் வரும் காலையும் கண்டு, பின்னரே அவ்வெழுத்தை ஒலிக்க இயலும். நமக்கு இயல்பாகிவிட்ட இச்செயல், தொடக்க நிலையில் உள்ள குழந்தைக்குப் பல படிகளைக் கொண்டதாகும்.

ல, ள, ழ என்பனவும் ர, ற என்பனவும் ந, ன, ண என்பனவும் எழுத்தால் வேறுபட்டவை. அன்றாடப் பேச்சில் பலர் இவற்றின் ஒலிவேறுபாட்டைப் பேணுவதில்லை. செவியால் பிரித்தறியாத ஒன்றைக் கையால் பிரித்தெழுத வேண்டிய நிலை குழந்தைக்கு ஏற்படுகிறது. கல், பகல், தங்கம் ஆகிய சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. வீட்டில் 'வந்துட்டாங்க' என்று பேசும் குழந்தை, புத்தகத்தில் 'வந்துவிட்டார்கள்' என்று படிக்க வேண்டும். இவ்விடங்களில் எல்லாக் குழந்தைகளும் தொடக்கத்தில் தடுமாறுவர். பெரும்பாலோர் சில மாதங்களில் கடந்துவிடுவர். வாசித்தல் குறைபாடு உடைய குழந்தையின் தடுமாற்றமோ உரிய பயிற்சி கிடைக்கும்வரை நீடிக்கும்.

கற்போரின் எளிமை கருதி எழுத்தையே சீர்திருத்திய வரலாறு தமிழுக்கு உண்டு. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தெளிவாக வேறுபடுத்திக் காட்டும் முறையை வீரமாமுனிவர் வகுத்தார். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளுக்கு முன்னர் வழங்கிய தனி வடிவங்களை விடுத்து, ஏனைய உயிர்மெய்களைப் போலவே எழுதும் முறையைப் பெரியார் 1935 ஆம் ஆண்டு முதல் தம் இதழில் கையாண்டார். 1978 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அச்சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. இதனால் தமிழின் வளம் குறையவில்லை; கற்பவரின் சுமையே குறைந்தது. கற்பவருக்காகப் பாதையைச் செப்பனிடுவது கல்வியின் தரத்தைத் தாழ்த்தாது என்பதற்கு இவ்வரலாறே சான்றாகும்.

வேறுபாடுகள் பலவகை

கற்றலில் காணப்படும் வேறுபாடுகள் வாசித்தலோடு முடிவதில்லை. எண்ணங்களைக் கோவையாகச் சொல்ல வல்ல குழந்தைக்கு அவற்றை எழுத்தில் வடிப்பது பெருந்தடையாக இருக்கலாம். இதனை எழுதுதல் குறைபாடு என்பர். எண்களின் அளவையும் இடமதிப்பையும் உணர்வதில் ஏற்படும் இடர்ப்பாடு கணிதக் குறைபாடு எனப்படும். ஒரு செயலில் கவனத்தை நிறுத்துவதும், உடலின் துறுதுறுப்பை அடக்கி அமர்ந்திருப்பதும் சில குழந்தைகளுக்கு அரிதாக உள்ளன. ஆட்டிசம் எனப்படும் நிலையில் உள்ளோர் பிறரோடு உரையாடுவதிலும் பழகுவதிலும் தமக்கே உரிய இயல்பினர். பேரொலியும் கூசும் ஒளியும் எதிர்பாராத மாற்றமும் அவர்களுள் பலருக்குத் தாங்கொணாத் துன்பத்தைத் தரக்கூடும்.

மனித மூளைகள் அனைத்தும் ஒரே வார்ப்பில் அமைந்தவை அல்ல என்பதனை உணர்த்த, 'நரம்பியல் பன்முகத்தன்மை' என்னும் கருத்தாக்கம் 1990களின் இறுதியில் வழக்கிற்கு வந்தது. இவ்வேறுபாடுகளை மனித இயல்பின் பன்மையாகக் காண்பதும், அவற்றால் விளையும் உண்மையான இடர்களுக்கு உதவி அளிப்பதும் ஒருசேர வேண்டப்படுவன. பன்மையை மட்டும் போற்றி உதவியை மறுப்பதும், உதவியளித்து மனிதரைத் தாழ்வாக நோக்குவதும் பயன் தரா.

இங்கு ஒன்றனை நினைவில் கொள்ளுதல் வேண்டும். எழுத்துப்பிழை செய்வோர் அனைவரும் கற்றல் குறைபாடு உடையோர் ஆகார். காது கேட்பதில் குறை, பார்வைக் குறை, பள்ளிக்குத் தொடர்ந்து வர இயலாமை, வீட்டுமொழி வேறாக இருத்தல் எனப் பிற காரணங்களும் இருக்கலாம். தகுதி பெற்ற வல்லுநர்கள் ஆராய்ந்த பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். உடன்பயில்வோர் தாமாகவே ஒருவருக்குப் பெயர்சூட்டுதல் கூடாது.

இரண்டாவது காயம்

வாசிக்க இயலாமை ஒரு துன்பம். அதனைப் பிறர் தவறாகப் புரிந்துகொள்வதால் விளைவது மற்றொரு துன்பம். வகுப்பில் ஒருவர்பின் ஒருவராகப் பாடத்தை உரக்கப் படிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். பெரும்பாலோர்க்கு அது சில நிமிட வேலை. எழுத்துகளோடு போராடும் மாணவரோ, தம் முறை வருவதற்கு எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணியவாறு அமர்ந்திருப்பார். முறை வந்ததும் தடுமாறுவார். பின்வரிசையில் சிரிப்பொலி எழும். மறுநாள் வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுவார். அல்லது புத்தகத்தை மறந்துவந்ததாகக் கூறுவார். அல்லது வகுப்பைச் சிரிக்கவைக்கும் குறும்புக்காரராக மாறிவிடுவார். படிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுப்பதைவிட அடங்காதவர் என்று பெயர் எடுப்பது அவருக்கு எளிதாகத் தோன்றுகிறது.

'சோம்பேறி', 'மக்கு', 'கவனமில்லை' என்னும் சொற்களை ஆண்டுக்கணக்கில் கேட்கும் குழந்தை, நாளடைவில் அவற்றை உண்மையென்றே நம்பத் தொடங்குகிறது. இக்காயம் முதல் இடர்ப்பாட்டைவிட ஆழமானது. வாசித்தலைப் பயிற்சியால் மேம்படுத்தலாம். இழந்த தன்னம்பிக்கையை மீட்பது அரிது. பள்ளியைவிட்டு இடையில் நின்றவர்களுள், அறிவிருந்தும் தம்மை அறிவற்றவர் என்று நம்பி வெளியேறியவர்களும் இருப்பர். அது அவர்களுக்கு மட்டுமன்றிச் சமூகத்திற்கும் இழப்பாகும்.

கற்பித்தலின் வழி

13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலின் இயல்போடு ஆசிரியர், மாணவர் ஆகியோரின் இயல்புகளையும் கூறுகிறது. மாணவர் எவ்வகையில் கூறினால் ஏற்றுக்கொள்வாரோ அவ்வகையை அறிந்து, அவர் மனங்கொள்ளுமாறு கற்பிப்பதே ஆசிரியரின் முறை என்பது அதன் கருத்து. மாணவரின் கொள்ளும் வகையை அறியும் பொறுப்பை நன்னூல் கற்பிப்பவரிடம் வைத்துள்ளது. இன்றைய சிறப்புக் கல்வியின் அடிப்படையும் இதுவே.

வாசித்தல் குறைபாடு உடைய குழந்தைக்கு, எழுத்துகளின் ஒலியைத் தெளிவாகவும் படிப்படியாகவும் கற்பித்தல் வேண்டும். ஒரு படி உறுதியான பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் வேண்டும். கண், செவி, கை ஆகிய பல புலன்களையும் ஒருங்கே ஈடுபடுத்துதல் பயனளிக்கும். எழுத்தைப் பார்த்து, அதன் ஒலியைச் சொல்லி, விரலால் அதன் வடிவத்தை வரையும்போது நினைவு வலுப்பெறுகிறது. 1907 ஆம் ஆண்டு ரோம் நகரில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிக் கற்கும் முறையைக் கையாண்டார். அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்னும் ஆசிரியரும் பல்புலன் வழிக் கற்பித்தலை முறைப்படுத்தினர். நம் திண்ணைப் பள்ளிகளிலும் குழந்தைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே அவ்வெழுத்தை உரக்கச் சொல்லிப் பயின்றனர்.

பெரிய எழுத்தும் போதிய இடைவெளியும் உடைய பக்கங்கள், ஒலிநூல்கள், படங்கள், கருத்து வரைபடங்கள், வாய்மொழித் தேர்வு ஆகியனவும் துணைபுரியும். கவனம் சிதறும் குழந்தைக்கு நீண்ட பணியைச் சிறு பகுதிகளாக்கித் தரலாம். ஆட்டிசம் உடைய குழந்தைக்கு அன்றைய நிகழ்வுகளின் வரிசையை முன்கூட்டியே படங்களாகக் காட்டலாம். இவற்றுள் பல, பெருஞ்செலவு வேண்டாதவை. கவனித்து நோக்கும் கண்ணும் பொறுமையும் வேண்டுபவை.

சட்டமும் தேர்வும்

உதவி பெறுவது இரக்கத்தால் கிடைப்பதன்று, அஃது உரிமையாகும். 1995 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, உரிய நடவடிக்கை எடுத்தல் கல்வி நிறுவனங்களின் கடமை என்று அச்சட்டம் வலியுறுத்துகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியனவும் அதில் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் தகுதியுடைய மாணவர்க்கு இத்தகைய சலுகைகள் வழங்கப்படுகின்றன. பள்ளிகளுக்குத் துணையாக வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் பணியாற்றுகின்றனர்.

சிலருக்குக் கூடுதல் நேரம் அளிப்பது மற்றவர்க்கு அநீதியாகாதா என்று வினவுவோர் உண்டு. இவ்வினா நேர்மையானதே. தேர்வு எதனை அளக்கிறது என்று எண்ணிப்பார்த்தால் விடை புலப்படும். வரலாற்றுத் தேர்வு அளக்க வேண்டியது வரலாற்றறிவை. எழுதும் விரைவை அன்று. நிகழ்வின் காரணங்களை நன்கறிந்த மாணவர், எழுத இயலாமையால் வெற்றுத்தாளைத் தந்தால் அத்தேர்வு தன் நோக்கத்தில் தவறிவிடுகிறது. சொல்வதை எழுதுபவர், மாணவர் சொல்வதை மட்டுமே எழுதுவார். விடை அறியாத மாணவருக்கு அவரால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. ஆகவே, இச்சலுகை அறிவை மிகுத்துக் காட்டுவதில்லை. உள்ள அறிவு வெளிப்படுவதற்கு வழிவிடுகிறது.

உடன்பயில்வோரின் பங்கு

சட்டமும் சிறப்புப் பயிற்சியும் இருப்பினும், ஒரு மாணவர் நாள்முழுதும் வாழ்வது தம் வகுப்புத் தோழரிடையே ஆகும். ஆதலின், உடன்பயில்வோரின் நடத்தை பெரும் விளைவை ஏற்படுத்தும். தோழர் தடுமாறிப் படிக்கும்போது சிரிக்காமல் காத்திருத்தல் முதல் உதவி. கேட்கப்படாமல் சொல்லை எடுத்துக்கொடுப்பதைவிட, கேட்கும்போது எடுத்துக்கொடுப்பது அவர் மதிப்பைக் காக்கும். பாடத்தை உரக்கப் படித்துக் கைப்பேசியில் பதிவுசெய்து தரலாம். வினாத்தாளைப் படித்துக் காட்டி விடையைச் சொல்லச் சொல்லலாம். குழுப்பணியில் அவர் வல்லதாக உள்ள ஓவியத்தையோ கணக்கையோ பேச்சையோ அவரிடம் ஒப்படைக்கலாம். இவ்வாறு படித்துக் காட்டுபவரும் அப்பாடத்தை மறவாதிருப்பார்.

கல்வி எழுத்தின்வழி மட்டுமே வருவது என்று நம் முன்னோர் கருதவில்லை. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. நூல்களைக் கற்காதவர் ஆயினும் கற்றவரிடம் கேட்டறிய வேண்டும். தளர்ச்சியுற்றபோது அக்கேள்வியறிவு ஊன்றுகோல்போல் துணையாகும் என்கிறார் வள்ளுவர். செவிவழி பெறும் அறிவைக் கல்வியின் ஒரு பகுதியாகவே அவர் மதித்தார்.

உங்கள் பள்ளியிலும், நாளை நீங்கள் பணியாற்றும் இடத்திலும், உங்கள் குடும்பத்திலும் வேறு வழியில் கற்கும் ஒருவரை நீங்கள் சந்திக்கக்கூடும். அவர் உங்கள் மாணவராக இருக்கலாம். உங்கள் குழந்தையாகவும் இருக்கலாம். 'இவருக்கு ஏன் வரவில்லை?' என்று கேட்பதை நிறுத்தி, 'இவருக்கு எவ்வழியில் வரும்?' என்று கேட்கத் தொடங்குவோம். அவ்வினாவிலிருந்தே அவருக்குரிய கல்வி தொடங்குகிறது.

கலைச்சொல் அறிவோம்

வாசித்தல் குறைபாடு – டிஸ்லெக்சியா
எழுதுதல் குறைபாடு – டிஸ்கிராஃபியா
கணிதக் குறைபாடு – டிஸ்கால்குலியா

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தமிழ்ப் பாடநூலிலுள்ள ஒரு பாடத்தைத் தெளிவாக உரக்கப் படித்து ஒலிப்பதிவு செய்க. அதனைக் கேட்டு மட்டுமே பாடத்தைப் புரிந்துகொள்ள இயலுகிறதா என்று நண்பரிடம் கேட்டறிந்து மேம்படுத்துக.
2. கொம்பு, துணைக்கால் ஆகிய குறிகள் வரும் பத்துச் சொற்களை எழுதி, அவற்றில் கண் காணும் வரிசையும் செவி கேட்கும் வரிசையும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதனைக் காட்டுக.

மதிப்பீடு

குறுவினா
1. எழுத்து, பேச்சைப்போல் இயல்பாக அமையாதது ஏன்?
2. கற்பித்தல் முறை குறித்து நன்னூல் கூறும் கருத்து யாது?

சிறுவினா
1. தமிழ் எழுத்துகளை வாசிப்பதில் தொடக்க நிலைக் குழந்தை எதிர்கொள்ளும் இடர்களைச் சான்றுடன் விளக்குக.
2. 'வாசிக்க இயலாமையைவிட ஆழமானது இரண்டாவது காயம்' – இக்கூற்றை விளக்குக.

நெடுவினா
1. தேர்வில் வழங்கப்படும் சலுகைகள் நீதிக்கு மாறானவையா? பாடப்பகுதியைக் கொண்டும் உங்கள் சிந்தனையைக் கொண்டும் கட்டுரை வரைக.